ரேந்தைக்கு ரேந்தை

டிசம்பரில் நத்தார் வந்தாலும் கைவினைச் சந்தை, பெருநாள் வந்தாலும் கைவினைச் சந்தை என்று ஆகிவிட்டது இப்போது. புத்தளத்தில் எங்கே சந்தை போட்டாலும் எனக்கு ஒரு மேசை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, என் பின்னல்களைப் பரப்பி, கதிரையில் நிமிர்ந்து உட்காருவேன். வருகிறவர்கள் கைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தால் எடுக்கட்டும். நான் முகத்தைத் திருப்புவதில்லை. நான் பின்னியதில் ஒரு கண்ணி பிசகியிருக்கிறது என்று சொன்னவர் இதுவரை யாருமில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சந்தையில் உட்கார்ந்தது நானில்லை. என் சாச்சி, உம்மாவின் தங்கை. அவர் எப்படி உட்கார்ந்தார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போது நாங்கள் கற்பிட்டிக்கு இந்தப் பக்கம் கடலோரத்தில் இருந்தோம். வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். எனக்கு முன்பற்கள் விழுந்து முளைக்கிற வயது. சாச்சி கலியாணம் முடித்து ஒரு வருஷம் நிறையுமுன் மாப்பிள்ளை காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். இத்தாவுக்குரிய மாதங்களை உள்ளிருந்து முடித்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், எங்கள் பானையில் தனக்காகவும் ஒரு பிடி அரிசி வேகிறதே என்று கூசிக்கூசித்தான் நடப்பார். கறி கேட்க மாட்டார். பாணில் ஓரத்துண்டைத்தான் எடுப்பார். யாரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாததுதான் பாரமாக இருந்ததோ என்னவோ.

கையில் மட்டும் எந்நேரமும் கொக்கி ஊசியும் வெள்ளை நூலும் இருக்கும். சட்டைக் கழுத்துக்கு, தலையணை உறைக்கு, குழந்தைத் தொப்பிக்கு என்று பின்னிக்கொண்டே இருப்பார். அந்தப் பின்னலுக்கு எங்கள் பக்கத்தில் ரேந்தை என்று பெயர். சிங்களம் பேசுகிறவர்களுக்கும் அது ரேந்தைதான். அவர்கள் வாயில் வால் கொஞ்சம் குறைந்து ரேந்த என்று வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னியது ஒரு பெட்டி நிறைந்தபோது சாச்சிக்கு ஓர் எண்ணம் வந்தது. எங்கள் கரையில் வேதக்காரர்களின் மாதா கோயில் ஒன்று உண்டு. திருநாள் வந்தால் சிலாபத்திலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் சனம் வந்து குவியும். மணல் முழுக்கக் கடைகள் முளைக்கும். அங்கே போய் விற்க வேண்டும். இதைச் சாச்சி தன் வாயால் சொல்லவில்லை. உம்மாவின் வாயால் சொன்னார்.

"இஞ்சருங்க, தங்கச்சி திருநாளுக்குக் கட போடட்டுமாண்டு கேக்குறா."

"எங்கட ஊட்டுப் பொம்புள சந்தையில குந்தி யாவாரம் செய்றதா? ஊர் என்னத்தக் கதைக்கும்?"

"ஊரா நூல் வாங்கிக் குடுக்குது?" என்றார் உம்மா.

வாப்பா வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, கதவுக்குப் பின்னால் நிற்கிறவருக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னார்: "சரி. இந்த ஒருக்கா. ஆனா கொண்டு போற சாமான் எல்லாம் வித்து வரணும். ஒரு துண்டு திரும்பி வந்தாலும் அதோட சந்தக் கதைய உட்றணும். பொறவு நானும் கேக்க மாட்டேன், நீங்களும் கேக்கப்படாது."

கதவுக்குப் பின்னால் சாச்சி தலையை ஆட்டினார், வாப்பாவின் கண்ணுக்குத் தெரியும் என்பதுபோல.

தனியாகப் போகக்கூடாது என்பதால் காவலுக்கு என்னை அனுப்பினார்கள். வாப்பாவின் மாட்டுக் கரத்தை எங்களை மணலில் இறக்கிவிட்டுப் போனது. கம்பு நட்டு, மேலே வெயிலுக்குப் படங்குத் துணி கட்டி, கீழே பாய் விரித்து, ரேந்தைகளைப் பரப்பினோம். எல்லாம் ஆனதும் சாச்சி முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு, சனம் போகிற பாதைக்கு முதுகைக் கொடுத்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்துக் கடை தொதல் இனிப்பு விற்கிற ஒரு சிலாபத்து அம்மாவுடையது. பருத்த உடம்பு, பெரிய குரல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் தாங்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"என்ன பிள்ள, யாவாரத்துக்கு வந்தனீயா, மீன் பாக்க வந்தனீயா?"

சாச்சி முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"முகத்தக் காட்டாட்டிப் பரவாயில்ல. முதுகக் காட்டினா ஆர் வாங்குவான்?"

அதற்குச் சாச்சி ஒரு வழி செய்தார். பெட்டியின் அடியிலிருந்து கட்டில் விரிப்பை எடுத்தார். தன் கலியாணத்துக்கென்று தானே பின்னியது. பூவும் இலையுமாகக் கட்டில் முழுதையும் மூடுகிற அகலம். கட்டிலில் விரித்து அதை நான் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பெட்டியின் அடியில் மடிந்தே கிடந்தது. அதைக் கம்புகளுக்கிடையில் திரைபோலக் கட்டி, அதன் பின்னால் பாதையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

தொதல் அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். "ஓட்டையால ஒரு திரை! உள்ள இருக்கிறவளும் தெரியுது, வெளிய நிக்கிறவனும் தெரியுது!"

இருந்தாலும் சாச்சிக்கு அது போதுமாக இருந்தது. பூவோட்டை வழியாகச் சனத்தைப் பார்ப்பார். யாராவது குனிந்து ஒரு துண்டைத் தொட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். கேட்கிறவர்கள் திரையைப் பார்த்துக் கேட்பார்கள், திரை பதில் சொல்லாது, போய்விடுவார்கள். இப்படியே வெயில் உச்சிக்கு ஏறியது. பாயில் பரப்பியது பரப்பியபடி. எனக்கு வாப்பாவின் சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது: ஒரு துண்டு திரும்பி வந்தாலும். இங்கே எல்லாத் துண்டுமே திரும்பிப் போகப் பார்க்கிறதே என்று நான் துண்டுகளை எண்ணத் தொடங்கினேன்.

லுஹருக்கு நேரமானதும் சாச்சி, "தாழம் பத்தைக்குப் பின்னால தொழுதிட்டு வாறேன், மகள். ஆரும் வந்தா நிக்கச் செல்லு" என்று போனார்.

அவர் போன கையோடு ஒரு பெரிய மனிதர் வந்து நின்றார். மீசை, கோடு போட்ட சாரம், கக்கத்தில் ஒரு தோற்பை. நேரே என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ரேந்த கோ, துவே?"

எனக்குச் சிங்களம் கடைத்தெருச் சிங்களம்தான். ஆனால் இது விளங்காதா? ரேந்தை எங்கே மகளே என்று கேட்கிறார்! காலையிலிருந்து யாரும் இப்படி வாய்விட்டுக் கேட்கவில்லை. நான் துள்ளி எழுந்து, "தியெனவா!" என்றேன். இருக்கிறதே என்று. ஒரு சட்டைக் கழுத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மதி" என்றார். போதாதாம்.

தலையணை ரேந்தை ஒன்றை அதன்மேல் வைத்தேன்.

"மதி, மதி." மீசைக்குள் ஏதோ அசைந்தது.

சரிதானே, இவ்வளவு பெரிய ஆளுக்கு இந்தத் துண்டுகள் எந்த மூலைக்கு என்று எனக்குத் தோன்றியது. சுற்றிப் பார்த்தேன். திரைதான் பெரிது. கால் பெருவிரலில் எழும்பி நின்று முடிச்சை அவிழ்த்து, சிறிய துண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஹரி, துவே, ஹரி" என்று, சரி சரியென்று தலையாட்டி விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு சிவப்புக் காகிதத் துண்டைக் கிழித்து என் கையில் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். சிவப்பில் ஒரு நோட்டு நான் பார்த்ததில்லை. பெரிய நோட்டாகத்தான் இருக்கும் என்று மடிக்குள் முடிந்துகொண்டேன்.

சாச்சி திரும்பி வந்து, வெறும் கம்புகளைப் பார்த்து நின்றார்.

"தெர எங்க?"

"வித்திட்டேன், சாச்சி!"

சிவப்புத் துண்டை நீட்டினேன். சாச்சி வாங்குவதற்குள் தொதல் அம்மா எட்டிப் பறித்துப் பார்த்தார். பார்த்ததும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாதாவே! அடி பிள்ள, அது ரேந்தக்காரன்! சந்தை நிலத்தக் குத்தகைக்கு எடுத்தவன், கடைகாரரிட்ட நிலக்காசு வாங்க வாறவன். சிங்களத்தில அதுக்கும் ரேந்த எண்டுதான் பேர். இது காசில்லடி, காசு வாங்கினதுக்கு அவன் குடுக்கிற துண்டு! அவன் நிலத்து ரேந்த கேட்டான், நீ நூல் ரேந்தையக் குடுத்து அனுப்பியிருக்கிற!"

அதோடு விட்டாரா? எதிர்வரிசை வளையல்காரருக்குக் கூவினார். வளையல்காரர் ஐஸ் பழக்காரருக்குக் கூவினார். சிரிப்பு வரிசை வரிசையாகப் போனது. கொஞ்ச நேரத்தில், ரேந்தைக்கு ரேந்தை கொடுத்த பிள்ளை எது என்று பார்க்கவே சனம் வந்தது. சாச்சி பழக்கப்படி முதுகைக் கொடுத்துத் திரும்பினார். அந்தப் பக்கமும் நாலு பேர் நின்றார்கள். இந்தப் பக்கம் திரும்பினார், இங்கேயும் முகங்கள். எந்தப் பக்கம் முதுகைக் காட்டினாலும் எதிரில் ஒருவர் நின்றார்.

ஒரு பெண் குழந்தைத் தொப்பி ஒன்றை எடுத்தார். "இது ஆர் பின்னினது?"

"நான்" என்றார் சாச்சி, மணலுக்கு.

"ஆர்?"

"நான்தான் பின்னின."

"கண்ணி கொஞ்சம் பெரிசா இருக்கே."

சாச்சியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. முக்காடு நெற்றிக்கு ஏறியது. "எங்க பெரிசு? காட்டுங்க பாப்பம்! விரல உட்டுப் பாருங்க. ஒரு கண்ணி பெரிசா ஈந்தா சும்மாவே எடுத்திட்டுப் போங்க!"

அந்தப் பெண் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. வாங்கினார்.

"அம்மாடி, இதுக்கு வாய் இருக்கு!" என்றார் தொதல் அம்மா.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறு சாச்சி. விலை சொன்னார், விட்டுக் கொடுத்தார், விட்டுக் கொடுக்க மாட்டேன் என்றார். எனக்குத் தெரியாத சிங்களமெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. அந்தப் பக்கம் ரேந்தக்காரர் கடை கடையாகக் காசு வாங்கிப் போகிறார், தோளில் எங்கள் விரிப்பு. பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்க, அவர் எங்கள் படங்கைக் கைகாட்ட, பெண்கள் அங்கிருந்து இங்கே வந்தார்கள். வெயில் சாய்வதற்குள் பாய் வெறுமையாகிவிட்டது.

கடைசியில் ரேந்தக்காரரே வந்தார். விரிப்பை மடித்துக் கொடுத்தார். சாச்சி நிலக்காசைக் கொடுத்தார். அவர் அரைகுறைத் தமிழில், "தங்கச்சி, வாற வருசம் இதே எடம் வெச்சிருக்கிறன். ரேந்த மட்டும் காசாக் குடுங்க" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

சாச்சி விரிப்பைத் திரும்பக் கட்டவில்லை. பெட்டிக்குள் வைத்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு துண்டு! ஒரு துண்டு திரும்பி வந்துவிட்டதே! தூரத்தில் வாப்பாவின் கரத்தை தெரிந்ததும் ஓடிப்போய்ப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வாப்பா உடனே கிட்ட வரவில்லை. வளையல் கடையோரம் நின்று, தொதல் அம்மாவோடு நேருக்குநேர் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த சாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து என்னைப் பார்த்தார்.

"எழும்பு."

"ஏலா, வாப்பா."

"எழும்பு, புள்ள."

பெட்டியைத் திறந்தார். விரிப்பு கிடந்தது. நான் அழுதுகொண்டே, அதை நான் விற்றேன், சத்தியமாக விற்றேன், அந்த ஆள்தான் திருப்பித் தந்துவிட்டார் என்றேன்.

"இது என்ன, மச்சி?" என்று வாப்பா சாச்சியிடம் நேரே கேட்டார்.

"தெர, மச்சான். மறைக்கிறதுக்குக் கட்டின. விக்கிற சாமானில்ல."

"மறைக்கிறதுக்கா? அப்ப ஏன் அவுத்து வெச்சிருக்கிற?"

சாச்சி தலையைக் குனியவில்லை.

வாப்பா பெட்டியை மூடிக் கரத்தையில் தூக்கி வைத்தார். பாதிவழி போனபின், மாட்டைப் பார்த்துச் சொன்னார்: "முகமெல்லாம் வெயில் பட்டுக் கறுத்துப் போச்சு. வாற வருஷம் அகலப் படங்கு ஒண்டு கொண்டு போங்க."

சாச்சி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் விற்றதை விற்றதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லையே.

மறுநாள் விடிந்து பார்க்கிறேன், சாச்சி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து விரிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். பூவும் இலையும் கண்ணி கண்ணியாக அவிழ்ந்து நூலாக வந்து மடியில் விழுந்தது. என் மேலுள்ள கோபத்தில்தான் அழிக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"வேணாம் சாச்சி! இனி ஆருக்கும் குடுக்க மாட்டேன்!"

"கைய உடு, மகள். இந்தா, நுனியப் புடிச்சு உருண்டையாச் சுத்து. வாற வருஷத்துக்கு நூல் காணாது" என்றார். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாச்சி பாடி நான் கேட்டது அன்றுதான்.

நான் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். உருண்டை கைக்குள் அடங்காமல் பெருத்துக்கொண்டே போனது. இருக்கிற ஒரே திரையையும் இப்படிப் பிரித்துவிட்டால், வாற வருஷம் அத்தனை சனத்துக்கு முன்னால் இந்தச் சாச்சி எதற்குப் பின்னால் போய் உட்காரப் போகிறாரோ என்பதுதான் அன்று முழுக்க என் கவலை.