கார்புரேட்டரில் ஒரு சந்தனப் பொட்டு

நான் சுத்தம் செய்தேன். அதுதான் என் குற்றம்.

ஒரு காரின் கார்புரேட்டரைப் பெட்ரோல் விட்டுத் தேய்த்து, பழைய துணியால் துடைத்துப் புதிதுபோல் ஆக்கினேன். அதனால் ஒரு மனிதனின் வேலை போயிற்று. பழி அவன் மேல் விழுந்தது. இன்றும் அங்கேயே கிடக்கிறது.

சுத்தம் செய்ததில் என்ன பாவம் என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன். சொல்லும்போது என் குரல் நடுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுங்கவேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது.

அது 1991. அந்த ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகமே உச்சரித்தது. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதை எழுத நான் ஒருவன்தான்.

ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஒரு சிறிய உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் பராமரிப்புப் பிரிவின் சூப்பர்வைசர். வேலை போக மீதி நேரமெல்லாம் படிப்பு. சுற்றுவட்டாரத்து ஊர்களின் பழைய செய்திகளைத் திரட்டுவது என் பொழுதுபோக்கு. எந்த ஏரி எந்த ஆண்டு உடைந்தது, எந்தக் கோயிலில் எந்த நாளில் குடமுழுக்கு நடந்தது என்று கேட்டால் மாதம், கிழமையோடு சொல்வேன். ஆலையில் எனக்குத் 'தேதி சார்' என்றே பெயர்.

அந்தப் பெயரை வைத்தவன் தேவசகாயம். சேரப்பணஞ்சேரிக்காரன், ஆலையின் அம்பாசிடரை ஓட்டிய டிரைவர். அவன் ஓட்டினால் மடியில் வைத்த தண்ணீர் தளும்பாது என்பார்கள். தினக்கூலியாகவே பல காலம் ஓட்டியவனை அந்த அக்டோபர் முடிவில் நிரந்தரம் செய்வதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆலை முழுவதற்கும் அது தெரியும். அவன் மனைவி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டதும் தெரியும்.

அதே அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜையன்று எங்கள் பக்கத்து ஆலைகளில் எந்த இயந்திரமும் பொட்டில்லாமல் இருக்காது. லேத், டிரில்லிங் மெஷின், தராசு, சைக்கிள், காண்டீன் கிரைண்டர்... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு துண்டுச் சாமந்தி. மற்றவர்கள் வெளியே தெரியும் இடத்தில் வைத்துவிட்டு நகர்வார்கள். எனக்கு அது போதாது! ஒரு பாகம்கூட விடுபடக் கூடாது என்பது என் கொள்கை. அதை பக்தி என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், வெறும் கர்வம்.

அம்பாசிடரின் பானட்டைத் திறந்தேன். பேட்டரிக்கு ஒரு பொட்டு. ரேடியேட்டருக்கு ஒன்று. காற்று வடிகட்டியைக் கழற்றி, கார்புரேட்டருக்கும் வைத்தேன்.

கார்புரேட்டரின் கழுத்துக்குள் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும், இஞ்சின் வேகமெடுக்கும். காலை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் இழுத்து அதை மூடிவிடும். அந்தத் தகட்டைத் தாங்கும் தண்டின் முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அந்த முனையில், எண்ணெய்ப் பசையின் மேலேயே, குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக அப்பினேன். அதன் மேல் குங்குமம்.

பக்கத்தில் நின்ற தேவசகாயம் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா தேதி சார், உள்ளெல்லாம் பொட்டு வெச்சிக்கினு கீறீங்க? உங்க சாமிக்கு பானட்டுக்கு மேலேர்ந்து பார்த்தா தெரியாதா?"

"நீ சும்மா இருப்பா."

"அசையற எடம் சார் அது. காஞ்சி போச்சுன்னா கவ்விக்கும். வேணாம்."

எனக்குத் தெரியாதா? தெரியும். அசையும் தண்டில் மாவுபோன்ற எதுவும் படக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்! ஆனால் ஒரு டிரைவர் சொல்லி, அதுவும் பூஜை விஷயத்தில் சொல்லி, நான் துடைப்பதா? வடிகட்டியை மாட்டி, பானட்டை மூடினேன்.

விடுமுறை முடிந்து ஆலை திறந்த காலையில் அவன் வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"சார், ஆக்சிலேட்டர் லேசா கவ்வுது. ஒரு தபா பாருங்களேன்."

"ரெண்டு நாள் நின்ன வண்டி. ஓட ஓட சரியாப் போயிடும்."

இதைத்தான் சொன்னேன். எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது.

சற்று நேரத்தில் மேலாளரை அழைத்துப்போக அவன் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்தான். இஞ்சின் அலறியது. காலை எடுத்த பிறகும் அலறிக்கொண்டே இருந்தது. வண்டி பாய்ந்து சைக்கிள் நிறுத்தத்துக்குள் புகுந்தது. ஷெட்டுக்கும் அதற்கும் இடையே, ஒரு மனிதன் யோசித்துச் செயல்படும் அளவுக்கு இடமில்லை. நிறுத்தத்தை ஒட்டிய கேட்டில் நின்ற வாட்ச்மேன் முனுசாமியின் இடது கால், சரிந்த சைக்கிள்களுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி முறிந்தது.

அவரைக் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேவசகாயமும் கூடவே ஓடினான். மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"வண்டியில ஃபால்ட்டா, இவன் மேல ஃபால்ட்டான்னு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு."

வண்டியை ஷெட்டுக்குள் தள்ளிவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் பானட்டைத் திறந்தேன். வடிகட்டியைக் கழற்றினேன். தண்டின் நெம்புகோலை விரலால் தள்ளினேன். தகடு திறந்தது. விரலை எடுத்தேன்.

மூடவில்லை.

குனிந்து பார்த்தேன். எண்ணெயும் சந்தனமும் சூட்டில் இறுகி, தண்டைச் சுற்றிக் காரைபோல் பிடித்திருந்தன. நடுவே என் குங்குமம். பெட்ரோல் நெடியையும் மீறிச் சந்தனம் மணத்தது...

நோய் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் நான் மேலாளரைக் கூப்பிட்டிருக்கலாம். வேறு யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். ஒரு குரல் போதும். கொடுத்தேனா?

ஒரு டப்பாவில் பெட்ரோல் எடுத்தேன். தீக்குச்சியால் அந்தக் காரையைச் சுரண்டினேன். பிரஷ்ஷால் தண்டின் இரு பக்கமும் தேய்த்தேன். தகட்டைத் திருப்பி விளிம்பில் இருந்த கரியையும் எடுத்தேன். துணியால் ஒற்றினேன். மறுபடி நெம்புகோலைத் தள்ளி விரலை எடுத்தேன். 'டக்' என்று மூடிக்கொண்டது. இன்னொரு முறை. 'டக்'. என் வாழ்நாளில் அவ்வளவு செம்மையாக ஒரு கார்புரேட்டரை நான் சுத்தம் செய்ததில்லை!

பேட்டரிப் பொட்டையும் ரேடியேட்டர் பொட்டையும் தொடவில்லை. எல்லாவற்றையும் துடைத்தால் யாருக்காவது சந்தேகம் வரும் அல்லவா? பதற்றத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. எதை விட்டுவைப்பது என்றுகூட யோசித்துச் செய்திருக்கிறேன்.

மாலையில் மேலாளர் வந்தார். ஆட்கள் சூழ்ந்து நின்றார்கள். தேவசகாயம் சட்டையில் முனுசாமியின் இரத்தத்தோடு வந்து சேர்ந்தான். தானே குனிந்து பெடலைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டான். டக். டக். டக்.

"காலையில கவ்விச்சு சார். தேதி சாராண்ட சொன்னேனே. கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சொன்னியாப்பா? எனக்கு ஞாபகம் இல்லையே."

மேலாளர் கசப்பாகச் சிரித்தார். "இவருக்கே ஞாபகம் இல்லைன்னா நீ சொல்லவே இல்லைன்னு அர்த்தம். பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கே."

எந்தக் கிழமையையும் மறக்காதவன் என்ற என் நல்ல பெயர்தான் அவன் கழுத்தை அறுத்தது. பாருங்கள்... அந்தப் பெயரை எனக்குச் சூட்டியவனும் அவனே.

தேவசகாயம் பானட்டுக்குள் பார்த்தான். தண்டின் முனை பளபளத்தது. பிறகு பெட்ரோலில் வெளுத்த என் விரல்களைப் பார்த்தான். அவன் வாய் திறந்தது. சுற்றிலும் நெற்றியில் விபூதியோடு நின்ற மனிதர்களையும் பார்த்தான். அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கியது. பூஜைச் சந்தனத்தைக் குற்றம் சொல்ல அந்தக் கூட்டத்தில் அவனால் முடியுமா? வாயை மூடிக்கொண்டான். அந்த மௌனத்தையும் நான் எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து அவனை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். மறைமலை நகர்ப் பக்கம் வேலை தேடிப் போனான். வாட்ச்மேன் காலை உடைத்த டிரைவர் என்ற பேச்சு அவனுக்கு முன்னே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முனுசாமி காலை இழுத்து நடந்தபடி, கடைசிவரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். எனக்குத் தினமும் வணக்கம் வைத்தார்.

பிறகு இந்தப் பகுதி முழுக்கப் பெரிய பெரிய ஆலைகள் வந்தன. நான் என் ஊர் வரலாற்றை எழுதி முடித்தேன். சான்று இல்லாததை எழுதாதீர்கள் என்று இளைஞர்களுக்கு அறிவுரை சொன்னேன். ஆம், நான்! சான்றைப் பெட்ரோல் விட்டுக் கழுவியவன்!

ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் தேவசகாயத்தைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஒரு கம்பெனி காண்டீனில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னான். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதுதான் தாங்க முடியாதது... மலர்ந்தது!

"தேதி சார்! நல்லா கீறீங்களா?"

தலையாட்டினேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன் முந்திக்கொண்டான்.

"அன்னிக்கி உங்க மேல பழி போடப் பார்த்தேன் சார். மனசுல வெச்சிக்காதீங்க. யோசிச்சி யோசிச்சி பார்த்துட்டேன். எங்காலுதான் தப்பு பண்ணிகீது. நான் உங்களாண்ட சொல்லவும் இல்ல போல, சொன்ன மாரி நெனச்சிக்கினேன். இப்பல்லாம் கம்பெனி பஸ்ல டிரைவர் பக்கத்து சீட்டுலகூட உக்கார்றதில்ல சார். பயமா கீது."

நான் துடைத்தது தண்டை மட்டும் அல்ல.

"எந்த வருசம் சார் அது? தொண்ணூறா, தொண்ணூத்தொண்ணா? உங்களுக்குத்தான் கரெக்டா தெரியும்."

நான் பதில் சொன்னேன். ஆண்டு, மாதம், தேதி, கிழமை. ஒன்றும் பிசகவில்லை.

"பார்த்தீங்களா, இன்னா ஞாபகம் சார் உங்களுக்கு!" என்று வியந்தபடி அவன் பேருந்தில் ஏறி, கடைசி இருக்கைக்குப் போனான்.