ஹீட்டருக்குள் போட்ட விபூதி

கார் ஹீட்டருக்குள் ஒரு பொட்டலம் பழனி விபூதியைக் கொட்டிய ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. மூளை அதற்குப் பிறகும் பெரிதாக வளர்ந்துவிடவில்லை.

கொடைக்கானலில் மாமா வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் நின்றது. கப்பலேறிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுச் சென்றது. எலி கடித்த வயர்களை மாற்றி, ஒழுகிய ஹீட்டர் குழாயை அடைத்து, மாமா அதற்கு உயிர் கொடுத்திருந்தார். சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து ஆள் வருகிறார். விற்றால் சொந்தப் பட்டறை. இல்லையென்றால் பழையபடி அடுத்தவர் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்க வேண்டியதுதான்.

ஆனால் தினமும் காலையில் வெள்ளனே போய்ப் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். மாமா பேட்டரி வயருக்கு நடுவே சின்ன பல்பு ஒன்றை மாட்டினார். கரண்ட் எங்காவது கசிந்தால் அது எரியும். எரியவில்லை.

"எங்கயும் கசியல, மருமகனே. பெறகு யாருலே கரண்டக் குடிக்கிறது?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாமா வழக்கம்போல எஞ்சினை ஓட்டி, ஹீட்டர் சுட்டதும் அணைத்துவிட்டுக் கடைவீதிக்குப் போனார். மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. அணைத்த காருக்குள் ஹீட்டர் காற்றாடி 'ம்ம்ம்' என்று முனகியது. கண்ணாடியெல்லாம் உள்ளிருந்து வெளுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கை உள்ளேயிருந்து அதைத் துடைத்தது.

மாவீரனான நான் மூன்றே தாவலில் அடுப்படியில் இருந்தேன். அங்கே அத்தையைக் காணோம்.

காலையில் காருக்குள் எட்டிப் பார்த்தேன். சீட்டில் ஒரு கம்பளித் தொப்பி, என் கைக்குள் அடங்குகிற அளவில். பேய்க்கு இவ்வளவு சின்னத் தலையா என்று வியந்தேனே தவிர, அந்த மார்கழியில் அத்தையின் கைக்குழந்தை தவறி, வீட்டுத் தொட்டிலைக் கழற்றி வைத்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. ஹீட்டர் வாயில் விபூதியைக் கொட்டினேன்.

அன்றைக்குத்தான் சனிக்கிழமை. சார்ஜ் ஏற்றிய பேட்டரியைக் கடைசி நிமிஷத்தில் மாட்டி மாமா ஹீட்டரைப் போட்டார். வந்தவர் முகமெல்லாம் விபூதி. மாமா முகமோ விபூதி படாமலே வெளுத்தது. வந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பழனியாண்டவரே உத்தரவு குடுத்துட்டாருங்க. வண்டி எனக்குத்தான்!"

கார் இறக்கத்தில் மறைந்ததும் கொட்டகைக்கு ஓடினேன். அது நின்ற இடத்தில் அத்தை நின்றுகொண்டிருந்தாள், கையில் அந்தத் தொப்பி.

"பயப்படாதீங்க அத்தை. நான் போட்ட விபூதியில பேய் வண்டியோட போயிருச்சு!"

அத்தை திரும்பவில்லை.

"போகல."