தம்பி போட்ட கையெழுத்து

எமர்ஜென்சியில் சிறைக்குப் போன என் தம்பியிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கியது நான்தான். தல்லாகுளத்தில் அரசாங்க குமாஸ்தா நான். வேலை போய்விடுமோ என்று பயம். "இந்த ஆட்சி அசையாதுடா, கையெழுத்துப் போடு" என்று கம்பிக்கு வெளியே நின்று கெஞ்சினேன். என் முகத்துக்காகப் போட்டான், வெளியே வந்தான்.

மூன்றே மாதம். தேர்தலில் ஆட்சி கவிழ்ந்ததாக ரேடியோ சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. கடிதம் கொடுக்க மறுத்த அவனுடைய கூட்டாளிகள் விடுதலையானார்கள். வரவேற்கப் போன தம்பியோடு நானும் சிறை வாசலுக்குப் போனேன். வெளியே வந்த ஒருவர் தன் மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அவன் அதை அப்படியே எடுத்து என் கையில் கொடுத்தான்.

"கையெழுத்துப் போடச் சொன்னது நீதேண்ணே. மாலையையும் நீயே போட்டுக்க."

அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அன்றோடு சரி. என் வேலைக்கு மட்டும் கடைசிவரை ஒரு குறையும் வரவில்லை.