குழந்தைக்கு முன்னால் ஒரு 'த'

அவளுக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள் என்று கணவன் வைத்தது. மாமியார்கூட அப்படித்தான் கூப்பிடுவாள். அந்தப் பேச்சையே அவள் பிழைப்பாக்கிக்கொண்டாள். தமிழ் மட்டுமே தெரிந்த யாராவது அவசர உதவி எண்ணை அழைத்தால், இணைப்பு அவள் காதுக்கும் வரும். அழைத்தவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்; எதிர்முனையில் அதிகாரி கேட்பதை அழைத்தவரிடம் தமிழில் கேட்க வேண்டும். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, ஒரு ஹெட்போன், கதவில் 'உஸ்' என்று எழுதி ஒட்டிய காகிதம். அவ்வளவுதான் அலுவலகம்.

இந்த வேலைக்கான தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இரண்டு முறையும் காலை வாரியவை ஆங்கிலத்தின் 'எ' (a), 'த' (the) என்ற இரண்டு பொடிச் சொற்கள்தான். தமிழில் 'கதவைத் திற' என்றால் போதும். ஆங்கிலத்தில், அது ஏதோ ஒரு கதவா, நம் இருவருக்கும் தெரிந்த அந்தக் கதவா என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். பேச்சில் புதிதாக நுழைவதற்கு 'எ'. இன்னதென்று கேட்பவருக்கும் தெரிந்ததற்கு, ஒன்றே ஒன்றாக இருப்பதற்கு 'த'. துணி மடிக்கும்போதுகூட இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் மறக்காம 'த' போட்டுடு தாயே. 'எ புருஷன்'னு சொல்லி வெச்சேன்னா ஊரே சிரிக்கும்" என்று கணவன் கிண்டலடித்தான்.

மூன்றாவது முறை தேறிவிட்டாள். அதன் பிறகு அந்த 'த' விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒரு நாள் மதியம் மணி அடித்தது. காதில் மாட்டுவதற்குள் ஒரு பெண்ணின் அலறல்.

"வீடு எரியுதுங்க! துணி எடுக்கக் கீழ வந்தேன்… உள்ள குழந்தை இருக்கு! குழந்தை தூங்குதுங்க!"

ரேடியோ தயங்கவில்லை. தாய் தன் குழந்தையைப் பற்றிச் சொல்கிறாள், அப்படியானால் 'த'தான். "த சைல்ட் ஈஸ் இன்சைட்" என்றாள், தெளிவாக.

குழந்தைக்கு என்ன வயது என்று எதிர்முனையில் இருந்தவர் கேட்டார்.

"நாலுங்க! நாலு வயசு! உள் ரூம்ல!"

அதையும் அப்படியே சொன்னாள். தீயணைப்பு வண்டி போய்ச் சேர்ந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காத தாயை அக்கம்பக்கத்தார் கட்டிடத்தின் பின்பக்கம் பிடித்து வைத்திருந்தார்கள்; முன்பக்கம் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில், குழந்தையை மீட்டாயிற்று, வீரர்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

"அம்மா, குழந்தைய வெளிய கொண்டுவந்துட்டாங்க. நல்லா இருக்காம். அழாதீங்கம்மா."

அந்தப் பக்கம் அழுகை நின்றது.

"ரெண்டுமா?"

"என்னம்மா சொல்றீங்க?"

"ரெண்டும் வந்துடுச்சாம்மா? ரெட்டைப் புள்ளைங்க!"

ரேடியோ கத்தினாள். இரண்டு குழந்தைகள், இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பக் கத்தினாள். 'உஸ்' ஒட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் ஓடிவந்தாள்.

வீரர்கள் மறுபடி உள்ளே போனார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்த இன்னொரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். மூச்சு இருந்தது. பல நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்துக்கொண்டது. குரல் மட்டும் கரகரத்துப் போனது.

மறுநாள் மேலதிகாரி அவளைக் கூப்பிட்டனுப்பி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். தாய் எங்காவது 'ரெண்டு' என்று சொல்லியிருப்பாள், நாம்தான் தவறவிட்டோம் என்று ரேடியோ நம்பிக்கொண்டிருந்தாள். இல்லை. 'உள்ள குழந்தை இருக்கு', அவ்வளவுதான். அந்தத் தமிழில் ஒரு குழந்தைக்கும் இடம் இருந்தது, இரண்டுக்கும் இடம் இருந்தது. இவள் போட்ட 'த'தான் அதை ஒன்றே ஒன்றாக்கியது. உள்ளே இருப்பது அந்த ஒரே குழந்தைதான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேறு யாராவது உண்டா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"உங்க மேல தப்பு இல்லம்மா. வாக்கியம் சரியாத்தான் இருக்கு" என்றார் மேலதிகாரி.

அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. சரியான வாக்கியம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும்.

"அந்தம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க" என்றும் சொன்னார். ரேடியோ எழுந்து வந்துவிட்டாள்.

ஒரு மாதம் மேஜைப் பக்கமே போகவில்லை. வீட்டில் சத்தமே இல்லாததைக் கண்டு கணவன் பயந்துபோனான். பிறகு அவளே மேலதிகாரியிடம் போய், "சந்தேகம் வந்தா நானே ஒரு கேள்வி கேக்க அனுமதி குடுங்க சார். இல்லைன்னா இந்த வேலை எனக்கு வேண்டாம்" என்றாள். மொழிபெயர்ப்பவர் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. யோசித்துவிட்டு அவர் விதியைத் தளர்த்தினார்.

இப்போதும் வேலை பார்க்கிறாள். "உள்ள ஆள் இருக்கு" என்று யாராவது சொன்னால், "எத்தனை பேருங்க?" என்று கேட்ட பிறகுதான் ஆங்கிலத்துக்கு வாயைத் திறக்கிறாள். அந்த இடைவெளியில் விரல்கள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பதில் வரும்வரை விடுவதில்லை.