மட்டாஞ்சேரித் தோட்டில் நீர் ஏறியபோது

ஓடும் நீரில் மாதிரி எடுப்பவர் மூன்று முறை எடுக்க வேண்டும்: ஓட்டம் மெலிந்திருக்கும்போது, மழையில் நீர் ஏறும்போது, வெள்ளம் வடிந்த பின். நான் ஓய்வுபெற்ற ஆய்வகத்தின் விதி இது. மட்டாஞ்சேரியில் ஒரு தோட்டுக்கு (அங்கே ஓடையை அப்படித்தான் சொல்கிறார்கள்) அதிகாரிகள் ஒரே முறைதான் எடுத்திருந்தார்கள், அதுவும் போன வருஷம் மழை கொட்டித் தீர்த்த வாரத்தில். ‘நைட்ரேட் வரம்புக்குள் உள்ளது’ என்று தாளும் கொடுத்துவிட்டார்கள். அத்தனை தண்ணீரில் கரைத்தால் எதுதான் வரம்புக்குள் வராது?

அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியவள் செல்வி. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்து இறந்துபோன மாரிமுத்துவின் மகள்; மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு மாதக் குழந்தைக்குத் தோட்டோரக் கிணற்று நீரில்தான் பால்மாவு கரைக்கிறாள். குழந்தையின் உதடு சில நாள் நீலம் பாரித்தாற்போல் இருக்கிறதாம். நைட்ரேட் மிஞ்சினால் பச்சைக் குழந்தைகளுக்கு அப்படி ஆகும். டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு ஏப்ரல் கடைசியில் நானே கிளம்பினேன். வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

காலை ஆறரைக்குக் கோவையில் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை வைட்டிலா பஸ் நிலையம் வரை காலி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எட்டு கிலோமீட்டர் தோப்பும்படி; பிறகு ஐம்பது ரூபாய்க்கு ஆட்டோ. தோடு பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“தோடு காணவா சாரே? கண்ண அடைச்சோளு. மணமே அங்க கொண்டுபோய் விடும்.”

லாட்ஜில் அறைக்குத் தொள்ளாயிரம். பதிவேட்டில் ‘உடன் வந்தவர்’ என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டுப் போனேன்.

செல்வியின் வீடு சந்தின் கடைசி. குழாய் இருக்கிறது, காற்றுதான் வரும். எதிர்வீட்டு நபீசா மோட்டார் வைத்து இழுத்துக்கொள்கிறார் என்று ஆறு மாதமாகப் பேச்சில்லை. டாக்டரும் தண்ணீரை மாற்றத்தான் சொன்னாராம். இளஞ்சிவப்பாகப் பதிமுகத் தண்ணீர் கொடுத்தாள். அந்த ஊரில் பச்சைத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் குடிப்பார்கள்.

“கொச்சுப் பிள்ளைக்கும் நல்லா திளைக்க வெச்சுத்தான் மாமா கொடுக்கேன். பாதியா வத்துற வரைக்கும்.”

கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது என்றேன். தண்ணீர்தான் ஆவியாகும், பாதியாக வற்றினால் மிச்சத்தில் அது இரண்டு பங்காக நிற்கும். அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நைட்ரேட் கூடக் கூடச் சிவக்கும் சோதனைப் பட்டை கொண்டுபோயிருந்தேன்; அதை மூன்று மணிக்குத் தோட்டில் நனைத்தேன். அசைவற்ற கறுப்பு நீர். பட்டையில் லேசான சிவப்பு. ஐந்து மணிக்குக் கோடை மழை பிடித்தது. கோடை முழுக்க மண்ணில் ஊறிக் கிடந்த கக்கூஸ் தொட்டிக் கசிவு, மாட்டுச்சாணம், சந்தைக் கழிவு எல்லாவற்றையும் முதல் மழை கழுவிக்கொண்டு வருகிறது. நீர் ஏறத் தொடங்கிய அரை மணியில் நனைத்த பட்டை பீட்ரூட் நிறத்துக்குப் போயிற்று. இரவெல்லாம் பெய்தது. லாட்ஜ் ஜன்னலில் அதைக் கேட்டபடி கிடந்தேன். விடியற்காலை மணி பார்த்துப் பட்டையை நனைக்கக் கிளம்புவதை என் மனைவி இருந்தவரை கேலி செய்வாள்; எங்கள் இருவருக்கு மட்டும் புரிந்த வேடிக்கை. இப்போது எனக்கு மட்டும்.

காலையில் தோட்டில் நனைத்த பட்டை வெளிறியிருந்தது. வந்த மழையே கரைத்துவிட்டது. அந்த நேரத்தில் அதிகாரி வந்திருந்தால் இன்னொரு தாள் கொடுத்திருப்பார். ஆனால் நாலு எட்டில் இருந்த கிணறு, மணல் வழியே முந்தின மாலைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பட்டையைப் பீட்ரூட் நிறமாக்கியது.

தோட்டின் மூன்று பட்டைகளையும் கிணற்றுப் பட்டையையும் விதியையும் சேர்த்து, தாள் கொடுத்த அலுவலகத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். பதிலுக்கு எத்தனை நாளாகும் என்று செல்வி கேட்டாள். முப்பது நாள் என்பது நடைமுறை என்றேன்.

“அது வரைக்கும் இவன் என்ன குடிப்பான் மாமா?”

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு சந்தின் அந்தப் பக்கம் போய் நபீசாவின் கதவைத் தட்டினாள். நான் வாசலில் நின்றேன். கதவு திறந்தது. நபீசாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.

“ஒரு குடம் வெள்ளம் கேக்க உனக்குக் கோயம்புத்தூர்ல நின்னு ஆபீசர் வரணுமோடி?”

குடம் நிறையும் சத்தமும் கேட்டது.

மறுநாள் திரும்பினேன். கோவையில் என் வீட்டுக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. குடிக்க ஒரே ஆள்.

மூன்று நினைவூட்டல்களுக்குப் பின் பதில் வந்தது. என் கருத்து ஏற்கப்பட்டதாம். அடுத்த ஆண்டின் முதல் மழையில் மாதிரி எடுப்பார்களாம். படித்துக் காட்ட வீட்டில் யாரும் இல்லாததால் செல்வியைக் கூப்பிட்டேன். போனை எடுத்தவர் நபீசா. செல்வி வேலைக்குப் போயிருக்கிறாள், பையன் என்னிடம்தான், கட்டிலைப் பிடித்து நிற்கிறான் என்றார். அந்த முப்பது நாள் பதில் என்ன தேதியில் வந்தது என்று கேட்டு, அவரே சிரித்துக்கொண்டார்.

நவம்பர் 12 என்றேன்.