காரில் இடமில்லை என்று சொன்னேன்

நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் துளி நம்பிக்கை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மும்பையில் எங்கள் செம்பூர் ஸ்டேஷன் போகிற வழியில் சனிக்கிழமைதோறும் கடைக்காரர்கள் பழைய எலுமிச்சை மிளகாயைக் கழற்றி ரோட்டில் வீசுவார்கள், எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போவார்கள், நான் மிதித்துக்கொண்டே இருபது வருஷமாக ஆபீஸ் போகிறவள். ஒன்றும் ஆனதில்லை. ஆனது ஒன்றே ஒன்றுதான், அதற்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தமில்லை.

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மகள் கீர்த்தனா, அப்புறம் என் அக்கா சொர்ணம். கல்யாணம் ஆகாதவள். என் பிரசவத்துக்கு ஒத்தாசையாக மூன்று மாதம் என்று திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தாள், அந்த மூன்று மாதம் பதினாலு வருஷமாகிவிட்டது. நான் ஆபீஸ் போனேன், அவள் பிள்ளையை வளர்த்தாள், சமைத்தாள், விடியற்காலையில் அரை மணி நேரம் மட்டும் வருகிற தண்ணீரை எழுந்து டிரம்மில் பிடித்தாள். அவளை யாரும் போகச் சொன்னதில்லை. இருக்கச் சொன்னதும் இல்லை.

அந்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் மூன்று நாள் மகாபலேஷ்வர் போய் வரலாம் என்று வீட்டுக்காரர் சொன்னார். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள், "ஏட்டி வள்ளி, காரு மலை மேல வரைக்கும் போவுமா? நம்ம ஊர்ல இருந்து பாத்தா தூரத்துல நீலமாத் தெரியும். ஒரு நாளும் ஏறிப் பாத்ததில்ல பாத்துக்க."

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கா தெரியாது? ஆனால் முந்தின நாளே வீட்டுக்காரர், "அங்கேயும் மதினி வரணுமா? மூணு நாளாவது நாம நாமளா இருப்போமே" என்று சொல்லியிருந்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, பழியை அவர் மேல் போட்டு என்ன பயன்.

"காருல இடம் இல்லக்கா, சின்ன வண்டி" என்றேன்.

"அதுக்கென்ன, நானும் வந்துட்டா இங்க தண்ணி யாரு பிடிக்கது?" என்றாள்.

கிளம்புகிற அன்று காலை புளியோதரைத் தூக்கோடு கீழே இறங்கி வந்தாள். டிரைவர் பக்கத்தில் அவர், பின் சீட்டில் நானும் கீர்த்தனாவும், எங்களுக்கு நடுவே ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். அக்கா அதைப் பார்த்தாள். தூக்கை அந்த இடத்தில் வைத்து, சாயாமல் இருக்க ஒரு துண்டை அண்டக்கொடுத்து, "சூதானமாப் போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள். ஏழு மணி நேரப் பயணத்தில் அந்தத் தூக்கைத் திறக்க எனக்கு மனசே வரவில்லை.

மலை ஏறுவதற்கு முன்னால் சாப்பிட நிறுத்திய இடத்தில் எங்கள் மேஜையில் ஐந்து தட்டு வைத்தார்கள். டிரைவரோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். ஒரு தட்டை நானே எடுத்து ஓரமாக வைத்தேன், அதையெல்லாம் யார் யோசிப்பார்கள். ஹோட்டலுக்குப் போனால், மாடியில் கேட்டிருந்த அறைக்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் ஒன்றைத் திறந்துவிட்டார்கள், உள்ளே தனியாக ஒரு கட்டில் வேறு போட்டிருந்தது. அவர் கோபமாகப் போய்க் கேட்டார். மேனேஜர் நல்ல மனிதர், பதறிப்போய் இந்தியில் சொன்னார், "உங்க கூட வந்த பெரியம்மாவுக்கு முட்டி வலியாச்சே, மாடி ஏற முடியாதுன்னுதானே கீழே குடுத்தேன்."

அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் நாலு வருஷம். அதை மேனேஜரிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை. வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று வீட்டுக்காரர் சிரித்துவிட்டு வந்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கட்டிலில் பையைக்கூட வைக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், பள்ளத்தாக்கு பார்க்கப் போனோம். என்னத்தைப் பார்க்க? வெள்ளை வேட்டியை முகத்தில் போட்டது மாதிரி பனி. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் அதற்கு அந்தப் பக்கம் உலகமே இல்லை. கீர்த்தனா செல்ஃபி எடுத்து எடுத்து அழித்தாள். சோளம் சுட்டு விற்கிற ஓர் அம்மா, நான் வாங்காமலே இரண்டாவது கதிரை என்னிடம் நீட்டி, "உங்க அக்காவுக்குக் குடுங்க, பாவம், அப்போலேருந்து உங்க பின்னாடியே நிக்கிறாங்க. வழுக்கும், கையைப் பிடிச்சுக் கூட்டிப் போங்க" என்றாள்.

அக்கா என்றுதான் சொன்னாள். திரும்பிப் பார்த்தேன். பனி. யாரும் இல்லை. மறுபடியும் கம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்குப் போன் போடப் பார்த்தேன், மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. மூன்று நாளும் பனி விலகவே இல்லை, ஒன்றும் பார்க்காமலே இறங்கினோம்.

வீட்டுக்கு வந்தால் அக்கா எப்போதும் போலக் கதவைத் திறந்தாள், எப்போதும் போலத் தோசை வார்த்தாள். எதிர்வீட்டு ஆன்டியிடம் விசாரித்தேன், உங்க அக்கா வாசலைத் தாண்டவே இல்லையே என்றாள். மனசு சமாதானமானது. சாப்பிடும்போது வீட்டுக்காரர், "மலையில ஒரே பனி மதினி, ஒண்ணுமே தெரியல, நீங்க வராததே நல்லது" என்றார்.

"தெரியலியா?" என்று அக்கா ஆச்சரியமாகக் கேட்டாள். "கீழ ஆறு ரெண்டு தடவ வளைஞ்சு போச்சே. கரையில நாலு தகர வீடு, ஒண்ணு புதுத் தகரம், கண்ணு கூசுது. பக்கத்துல இடி விழுந்து பாதி கருகின மரம், மீதிப் பாதி பச்சையா நிக்கி. நீங்க பாக்கலியா?"

"யாருக்கா உனக்குச் சொன்னா?" என்று கத்தினேன்.

"யாரு சொல்லணும்? பாத்தேன்" என்று அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அடுத்த மாதமே புனேயில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்தது என்று கிளம்பிவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. போகாதே என்று கீர்த்தனா மட்டும்தான் சொன்னாள்.

ஐந்து வருஷம் கழித்து, டிசம்பரில், கீர்த்தனா காலேஜ் தோழிகளோடு அதே இடத்துக்குப் போனாள். நல்ல வெயில். அங்கிருந்து ஒரு போட்டோ அனுப்பினாள், கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆறு இரண்டு தடவை வளைந்து போகிறது. நாலு தகரக் கூரை. பாதி கருகிய மரம். ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போயிருக்கணும்க்கா. இடம் இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"அது போவட்டும்ட்டி, பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கம்பிகிட்ட நின்னு திரும்பி என் மூஞ்சிய நேராப் பாத்த. பாத்துட்டும் பாக்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டியே. அதத்தான் என்னால மறக்க முடியல."

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என் போனை எடுப்பதில்லை.

நான் திரும்பினேன், உண்மைதான். பனி இருந்தது, பனி மட்டும்தான் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். வீட்டுக்காரரிடமும் சத்தியம் செய்தேன், கீர்த்தனாவிடமும் செய்தேன், கேட்காதவர்களிடம்கூட இப்படி வலியப் போய்ச் செய்துகொண்டிருக்கிறேன். ஒன்றுமே பார்க்காதவளுக்கு எதற்கு இத்தனை சத்தியம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.