நகத்தில் வரைந்த பூச்சட்டி

என் மனைவியின் நகங்களில் நெடுவாக்கில் வரிகள் ஓடுகின்றன. வலது கட்டை விரலில் பதினொன்று. வயதானால் நகம் அப்படித்தான் ஆகும் என்று மகள் சொன்னாள். அந்த வரிகளின் மேல் நேரடியாக நெயில் பாலிஷ் போட்டால் நிறம் பள்ளத்தில் தங்கிவிடும், மேடு வெளுத்துத் தெரியும். அதனால் முதலில் நிறமில்லாத பூச்சு ஒன்று. அது காய்ந்த பின் சிவப்பு இரண்டு தடவை. அதுவும் காய்ந்த பிறகுதான் பூவோ புள்ளியோ வைக்கலாம். இதையெல்லாம் எழுபத்து மூன்று வயதில் நான் கற்றுக்கொள்வேன் என்று எவனாவது முன்பு சொல்லியிருந்தால் அவனோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

அவளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பில் வைத்ததை மறந்தாள். பிறகு தெருவை மறந்தாள். பிறகு என்னை, பாதி நேரம். கடைசியில் தன் கைகளை மறந்தாள். தட்டை முன்னால் வைத்தால் பார்ப்பாள். பசிப்பது முகத்தில் தெரியும். ஆனால் கைகள் இரண்டும் யாரோ பஸ்ஸில் விட்டுப்போன பை மாதிரி மடியில் கிடக்கும். கையை எடுத்து இட்லியின் மேல் நானே வைத்தால் அங்கேயே இருக்கும், இட்லி ஆறிப்போகும்.

விருதுநகரில் நாங்கள் காட்டுகிற டாக்டர் அதிகம் பேச மாட்டார். அன்று பேசினார். "ஊட்டிப் பழக்காதீங்க. எத்தனை நாளைக்குத் தன் கையால சாப்பிடுறாங்களோ அத்தனை நாளைக்கு நல்லது. அது நின்னா, கொஞ்ச நாள்ல வாயைத் திறக்கிறதும் நின்னுடும். அப்புறம் மூக்கு வழியா ட்யூப்தான்." திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அந்த ட்யூப் மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. பக்கத்து இருக்கையில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, ஊருக்குப் புதிதாக வருகிறவள் போலச் சிவகாசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப்பெண்களை வீட்டுக்கு வரவழைத்து நகத்தில் படம் வரைந்துவிடுகிறாள். ஸ்டிக்கர் கிடையாது, அச்சு கிடையாது, வெறும் கையால் வரைவதுதான். பொங்கலுக்கு வந்தவள் பொழுது போகாமல் அம்மாவின் விரல்களைக் கையில் எடுத்தாள். கவிழ்த்து வைத்த சொம்பின் மேல் அம்மாவின் கையை வைத்தாள், மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், சிவப்பு பூசி, கொண்டை ஊசியின் உருண்டை முனையை வெள்ளையில் தொட்டு ஐந்து புள்ளி வைத்துப் பூவாக்கினாள். பத்து நகத்துக்கும் பத்துப் பூ. எனக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது. சொல்லவும் சொன்னேன்.

மறுநாள் காலையில் என் மனைவி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். மடியில் ஏதோ சிவப்பாகத் தெரிய, குனிந்து பார்த்தாள். வலது கையை மெல்ல முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

"எம்புட்டு நல்லாருக்கு! யாரு கை இது?"

"உன் கைதான்மா" என்றாள் மகள்.

"போடி" என்றாள் இவள். அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்களை அசைத்தாள். அவை அசைந்ததும் சிரித்தாள். பார்த்துக்கொண்டே கையை இறக்கியபோது அது இட்லியில் போய் நின்றது, பிய்த்தது, வாய்க்குப் போனது. நான் எண்ணினேன். இருபத்து இரண்டு வாய். மூன்று இட்லியும் தீர்ந்தது. மகள் அடுக்களையில் போய் நின்று மூக்கைச் சிந்தினாள்.

மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு இந்த வேலை என்னிடம் வந்தது. நான் அச்சாபீசில் நெகட்டிவ் டச்சிங் செய்தவன். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிலிமில் ஊசிமுனை அளவுக்குப் பொத்தல்கள் விழும். மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், விட்டால் அச்சில் புள்ளியாக வந்து நிற்கும். பிழைப்புக்குச் செய்த வேலை, அது போனபோது நான் வருந்தவில்லை. ஆனாலும் அந்தக் கைப்பழக்கம் இருக்கிறதே, நகம்தானே என்று நினைத்துவிட்டேன். பிலிம் கண்ணாடியின் மேல் தட்டையாகக் கிடக்கும். நகம் வளைந்தது, சூடானது, நடுவில் உருவிக்கொள்ளக் கூடியது. மகள் வீடியோ காலில் உட்கார்ந்து கத்துவாள்.

"அப்பா, அமுக்காதீக! அது நெகட்டிவ் இல்ல, அம்மா விரலு."

"நான் எங்க அமுக்குறேன்? பாட்டில்ல இருக்கிறது கோந்து மாதிரி இழுக்குது."

"மூடிய தொறந்து போட்டுட்டு எம்புட்டு நேரமாச்சு? இழுக்காம என்ன செய்யும்?"

மூன்றாவது வாரத்தில் கை படிந்துவிட்டது. மணிக்கட்டை மேசையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். இடையில் நிறுத்தினால் அந்த இடம் முடிச்சாகத் தெரியும். சேலைக் கரை போட்டேன், மாங்காய் போட்டேன், சுண்டு விரலில் நெல் கதிர் ஒன்று போட்டேன். பக்கத்து வீட்டு மருமகள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், சாயங்காலம் வேன் இறங்கி வரும்போது எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மாமா, அத்தைக்கு மறுபடி கல்யாணமா? மாப்பிள்ள நீங்கதானா, இல்ல வேற எங்கயும் பாத்துருக்கீகளா?"

"உனக்கும் போட்டு விடவா?"

"எனக்கா? நீங்க ராத்திரி போட்டா, காலையில பத்து மணிக்குள்ள எல்லாம் போயிரும் மாமா. எங்க வேல அப்பிடி."

ஒரு சிக்கல் இருந்தது. ஒரே படம் நாலைந்து நாள் இருந்துவிட்டால் இவள் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கை மறுபடி மடியில் கிடக்கும். இருபத்து இரண்டு வாய் பதினான்காகும், ஒன்பதாகும். அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் மறுபடி "யாரு கை இது?" மறுபடி சாப்பாடு. ஆக, நான் புதிது புதிதாக யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆடி மாதத்துக்குள் தீர்ந்துவிட்டது. மகளிடம் சொன்னேன். கூரியரில் ஒரு பெட்டி வந்தது, எட்டு பாட்டில். அதில் அடர் நீலம் ஒன்று, வெள்ளி ஒன்று.

நீலத்தைப் பார்த்ததும் என்ன வரைவதென்று எனக்கு முடிவாகிவிட்டது. பூச்சட்டி. தரையில் வைத்துப் பற்றவைத்தால் பொறிபொறியாக மேலே எழும்பி விரிந்து கொட்டுமே, அது. எத்தனை லேபிளில் எத்தனை பூச்சட்டிக்கு நான் பொத்தல் அடைத்திருக்கிறேன்! நீலம் இருட்டு வானம். நகத்தின் அடியில் சின்ன முக்கோணம். அதிலிருந்து மயிரிழையாக வெள்ளிக் கோடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பொட்டு. கட்டை விரலுக்குப் பதினேழு பொறி, சுண்டு விரலுக்கு ஏழு. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் தெருவில் கொட்டடித்துப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு இவள் தலையை ஆட்டிக்கொண்டே கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் இதுவரை போட்டதில் இதைப்போல ஒன்று வந்ததில்லை. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

அது முழுதாகக் காய்வதற்குள் இவள் கையை இழுத்துவிட்டாள். இரண்டு நகத்து வெள்ளி விரல் நுனியில் ஈஷிக்கொண்டது. பரவாயில்லை, பிறகு துடைக்கலாம் என்று தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். சோறும் பருப்பும். கையைத் தூக்கினாள், பார்த்தாள். நான் "யாரு கை இது"வுக்காகக் காத்திருந்தேன்.

கேட்கவில்லை. கட்டை விரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துப் பார்த்தாள். சேலையில் துடைத்தாள். தட்டை இடது கையால் தள்ளினாள்.

"கை கழுவல. சாப்பிடக்கூடாது."

சரி என்று கழுவிவிட்டேன். வெள்ளி போகுமா? போகவில்லை. மறுபடி சோப்பு கேட்டாள். முழங்கை வரை போட்டுத் தேய்த்தாள். நான் வெறுத்துப்போய், பாலைச் சூடாக்கியாவது கொடுப்போம் என்று அடுப்படிக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்தேன். பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்துப் பல காலம் ஆகிறது.

"ஏங்க, தீப்பெட்டிய எடுக்காதீக! எங் கையெல்லாம் பவுடரு! அங்கன வச்சிருங்க, அங்கன வச்சிருங்க!"

அவ்வளவு நீளமாக அவள் பேசி மாதக்கணக்காகியிருந்தது. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னாலும், கல்யாணமாகிச் சில வருடங்களும், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து ரூமில் உட்கார்ந்து அவள் பூச்சட்டிக்குள் வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். மருந்தில் வெள்ளிப் பொறிக்கு அலுமினியப் பவுடர் சேர்ப்பார்கள். அது கை ரேகைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் கையோடு சாப்பிடக் கூடாது, அந்தக் கையோடு நெருப்புப் பக்கம் போகக் கூடாது. மத்தியானம் மணியடித்ததும் வரிசையில் நின்று போர்மேனிடம் கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் சோற்று வாளியைத் திறக்க வேண்டும். என்னை மறந்தவளுக்கு அது மறக்கவில்லை.

இப்போது என்னிடமும் கையை விரித்துக் காட்டினாள். "போயிருச்சா?"

"போயிருச்சு. சாப்பிடு."

"பொய் சொல்லாதீக."

ரிமூவரைப் பஞ்சில் நனைத்துப் பத்து நகத்தையும் துடைத்தெடுத்தேன். நீலம் போனது, வெள்ளி போனது. அடியில் நகம் மஞ்சளாக இருந்தது. மாதக்கணக்காகப் பூசிப் பூசி ஏறிய கறை. அவள் அதையும் உற்றுப் பார்த்தாள்.

"கந்தகம்" என்றாள்.

அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் அவசர அவசரமாகப் பழைய சிவப்பையே பூசி, முதலில் மகள் போட்ட அதே ஐந்து புள்ளிப் பூவை வைத்தேன். பார்த்தாள். விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். ஊட்டலாம் என்று போனால் என் கையைப் பிடித்துத் திருப்பினாள். என் விரலிலும் ஆங்காங்கே நீலமும் வெள்ளியும் ஒட்டியிருந்தன.

"ஒங்க கையிலயும் இருக்கு."

ஸ்பூனால் கொடுத்தேன். ஸ்பூனைப் பிடித்திருப்பதும் என் கைதான் என்பது அவளுக்குத் தெரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள். மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, சில்வர எதுக்குப் போட்டீக?"

"நீதான அனுப்புன!"

"எனக்கு எப்பிடித் தெரியும்? அம்மா அங்கன வேல பாத்தத ஒரு நாளாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கா? நீங்களாச்சும் சொன்னீகளா?"

இரண்டு பேரும் சத்தம் போட்டோம்.

அடுத்த நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு மருமகள் வேனிலிருந்து இறங்கி நேராக வந்தாள். சத்தம் கேட்டிருக்கும். என்னிடம் ஒன்றும் விசாரிக்காமல் தட்டை வாங்கிக்கொண்டு இவள் முன்னால் சம்மணமிட்டாள்.

இவள் அவள் கையைப் பிடித்தாள். "கழுவிட்டியா?"

"ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் கழுவிட்டேன் அத்தை. இந்தா பாருங்க."

விரல் இடுக்கு இடுக்காக இவள் பார்த்தாள். நகக்கண்ணில் சாம்பல் நிறமாகப் பவுடர் இருந்தது எனக்கே கண்ணாடியில்லாமல் தெரிந்தது. அன்று முழுவதும் மருந்தில் இருந்த கை.

"எங்க ரூமா நீ?"

"ஆமா அத்தை, உங்க ரூம்தான்."

"போர்மேன் வந்துட்டாரா?"

"இன்னும் வரல. வெரசாச் சாப்பிடுங்க, வந்தா வைவாரு."

இவள் வாயைத் திறந்தாள். பதினாறு வாய்.

அப்படித்தான் ஆவணி முழுக்க ஓடியது. காலையில் ஒன்றுமில்லை, மத்தியானம் ஒன்றுமில்லை, நான் டம்ளரை நீட்டினால் தண்ணீர் மட்டும். சாயங்காலம் அந்தப் பெண் வந்தால் ஒரு வேளை. தன் கையால் சாப்பிடுவது அன்றோடு நின்றதுதான், திரும்பவில்லை. டாக்டரிடம் போனபோது எடை பார்த்தார். முப்பத்தெட்டு. எதுவும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அவர் பேசாதவராகவே இருந்தது எனக்கு அன்று பிடித்திருந்தது.

புரட்டாசியில் சீசன் சூடு பிடித்தது. ஆர்டர் குவிந்துவிட்டது, லோடு ஏற்றி முடியும் வரை யாரையும் விடுவதில்லை என்றாள் அந்தப் பெண். வேன் ஏழு மணிக்கு வந்தது, பிறகு எட்டு. அதற்குள் இவள் தூங்கிவிடுகிறாள். எழுப்பினால் அழுகிறாள். பதினாறு வாய் ஆறாகியிருக்கிறது. சில நாள் எழுப்பவே முடிவதில்லை.

நேற்று வாசலில் நின்றே அந்தப் பெண் கேட்டாள்.

"தூங்கிட்டாகளா மாமா?"

"இப்பத்தான்."

"தீபாவளி முடியட்டும் மாமா. அப்புறம் ரெண்டு மாசத்துக்கு எனக்கு வேல இருக்காது. மூணு வேளையும் நானே வந்து ஊட்டி விடுறேன். நீங்க ஒண்ணும் நெனைக்காதீக."

தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்று இந்த ஊரில் யாரும் காலண்டரைப் பார்க்க வேண்டியதில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி தாயி என்றேன். அவள் போகாமல் நின்று, "ஒரு வாட்டி பாத்துட்டுப் போறேன்" என்று குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவி, விரித்துப் பிடித்தபடியே, தூங்குகிறவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் தட்டைக் கொண்டுவருவதா வேண்டாமா என்று தெரியாமல் அடுப்படியில் நின்றேன்.